உம்மா அறையில் ஒரு ஃபயர்வால்

பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்து ஷெல்ஃபில் வைத்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஏ புள்ள, எம் பயலுவ ரெண்டு பேரையும் பிரிக்கப்போற சாமான் இதானா?"

"பிரிக்கிறதுக்கு இல்ல உம்மா. இது ஃபயர்வால். யாரு எங்க போகலாம், எங்க போகக்கூடாதுன்னு பாத்துக்கிற பெட்டி."

"அதத்தான நானும் கேட்டேன்" என்றார்.

வாயை மூடிக்கொண்டு வயரைப் பிரிக்க ஆரம்பித்தேன். நான் வாயை மூடுவது அபூர்வம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அம்மா சொல்வாள். மூக்கே கோபம்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆனால் இந்த உம்மாவிடம் மட்டும் எனக்குப் பதில் எழும்பாது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இப்போது செம்பூரில் இருக்கிறேன். விக்ரோலியில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை. வாரம் முழுக்க, முகம் தெரியாத ஆபீஸ்களில் இருக்கும் ஃபயர்வால்களுக்கு என் மேஜையிலிருந்தே போர்ட் போர்ட்டாக அட்ரஸ் போட்டுக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தாராவியில் தெரிந்தவர்கள் யாராவது கூப்பிட்டால் போய்ச் செய்து கொடுப்பேன். "ஒரு நாள் லீவு, அன்னைக்கும் வயரா?" என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. எனக்கு அது காதில் விழாது.

இந்த வீடு என் அம்மா வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. தெற்குச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கீழே பட்டறை. முதல் மாடியில் பெரியவர், அவர் மனைவி, உம்மா. இரண்டாவது மாடியில் கல்யாணமாகாத தம்பி. பெரியவரைப் பெரிய பாய் என்றும் தம்பியைச் சின்ன பாய் என்றும்தான் சந்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மாடிகளுக்குப் போக வீட்டுக்குள்ளே படி கிடையாது. சந்துப் பக்கம் சுவரோடு ஒட்டி ஒரு இரும்பு ஏணி. சின்ன பாய் மேலே போக வேண்டுமென்றாலும் கீழே இறங்க வேண்டுமென்றாலும் முதல் மாடி வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். போன மழைக்காலத்தில்தான் முட்டிக்கொண்டது. சின்ன பாய் புதிதாக ஒரு பை மாடல் போட்டு, அதைப் போனில் படமெடுத்து, மாஹிமில் அண்ணனுக்குப் பழக்கமான கடைக்காரருக்கே நேரடியாக அனுப்பிவிட்டார். பெரிய பாய்க்குச் செய்தி மூன்றாவது ஆள் வாயால் வந்தது. பட்டறையில் எல்லோர் முன்னாலும் தம்பியைக் கண்டபடி கேட்டுவிட்டார். தம்பியும் விடவில்லை. மேலே வந்து, உம்மாவின் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இனிமே இந்த வாசப்படிய நான் மிதிச்சா ஏன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு ஏணியில் அவர் ஏறுகிற சத்தமும் இறங்குகிற சத்தமும் மட்டும்தான் உம்மாவுக்கு. கட்டிலிலிருந்து பார்த்தால் ஏணி தெரியாது.

உம்மாவால் எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். யாரும் இல்லாத நேரத்தில் தானாக எழுந்து நடக்கப் பார்த்து மறுபடி ஒருமுறை விழுந்தார். அதற்குப் பிறகுதான் பெரிய பாய் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு கேமரா மாட்டினார். படத்தை வெளியே எங்கேயும் அனுப்பாமல் வீட்டு வைஃபைக்குள்ளேயே பார்க்கும்படி வைத்திருந்தார். "எங்க உம்மா படுத்திருக்கிறத எவனோ எங்கயோ உக்காந்து பாக்கக்கூடாது" என்பது அவர் கட்சி. அதுவும் சரிதான்.

ஆக, இரண்டு பேரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் ஒருநாள், தம்பி மறுநாள். கேட்டது ஒன்றேதான்.

"தங்கச்சி, அவன் சைடுல இருந்து என் கம்ப்யூட்டருக்கு ஒரு ஈகூட வரக்கூடாது. பூரா பந்த்" என்றார் பெரிய பாய்.

"அக்கா, என் டிசைன் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. எனக்குத் தனி. மத்லப், அதாவது, தனின்னா தனி" என்றார் சின்ன பாய்.

தனித்தனி லைன் இழுத்துக் கொடு என்று வேறு சொன்னார்கள். இழுக்கலாம்தான், எங்கே இழுப்பது? இன்டர்நெட் லைன் வந்து இறங்குவது உம்மா அறையில். இன்வெர்ட்டரும் அங்கேதான். கீழே பட்டறையில் மெஷின் ஓடினால் கரண்ட் ட்ரிப் ஆகும், பெருமழைக்குத் தண்ணீர் ஏறும், அங்கே ஃபயர்வாலை வைக்க முடியாது. ஆனால் எல்லா மாடிக்கும் வயர் பிரிகிற ஸ்விட்ச் பெட்டி மட்டும் பட்டறைப் பரணில் இருக்கிறது. உம்மா அறையிலிருந்து அந்தப் பரணுக்குச் சுவருக்குள் ஒரு குழாய். அதற்குள் ஒரே ஒரு வயர். இன்னொன்றை நுழைக்கப் பார்த்தேன், ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. புதிதாகச் சுவரைத் துளைக்கலாம் என்றால், அது பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச் சுவர். அவர் காலையிலேயே வாசலில் வந்து நின்றுவிட்டார். "ட்ரில்லிங் கீல்லிங் ஏதாச்சும் நடந்துச்சு, அப்புறம் சண்டை, லஃப்டா ஆயிரும்" என்றார். அவருக்கும் எனக்கும் கொஞ்ச நேரம் நடந்தது. அதை இங்கே எழுதவேண்டாம்.

கடைசியில் ஒரே வயரிலேயே மூன்று நெட்வொர்க்கையும் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வேலையில் அது புதிதில்லை. பெட்டியில் இந்த வயர் செருகுகிற போர்ட் ஒன்றுதான். அந்த ஒன்றுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத மூன்று போர்ட்டுகளை எழுதி உண்டாக்கலாம். சப்-இன்டர்ஃபேஸ் என்போம். பட்டறைக்கு ஒரு நம்பர், முதல் மாடிக்கு ஒரு நம்பர், இரண்டாவது மாடிக்கு ஒரு நம்பர். ஒவ்வொன்றுக்கும் தனி அட்ரஸ், தனிச் சட்டம்.

"அது எப்படி புள்ள, ஒரே வயர்ல மூணு?" என்றார் உம்மா. பிளாஸ்டிக் தட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். படுத்தாலும் கை சும்மா இருக்காது.

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கீழே பட்டறையில் தோலை வெட்டியதும் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் வெள்ளிப் பேனாவால் ஒரு நம்பர் போடுவார்கள். எல்லா மாடலின் துண்டுகளும் ஒரே மூட்டையில்தான் தையல் மேஜைக்குப் போகும். நம்பரைப் பார்த்துத் தையல்காரர்கள் அவரவர் துண்டைப் பொறுக்கிக்கொள்வார்கள். அதைச் சொன்னேன். "வயர்தான் மூட்டை. போகிற ஒவ்வொண்ணு மேலயும் நம்பர் ஒட்டி அனுப்புவேன். கீழ இருக்கிற ஸ்விட்ச் நம்பரைப் பாத்துப் பிரிச்சு விடும்."

"அந்த நம்பர நானே போட்டிருக்கேன். இவனுவ ரெண்டு பேரையும் மடியில போட்டுக்கிட்டுப் போட்டிருக்கேன்" என்றார். ஒரு பூண்டை உரித்து முடித்துவிட்டு, "அப்ப ஒரே மூட்டைக்குள்ள கெடந்தாலும் ஒண்ணு மொகத்த ஒண்ணு பாக்காது" என்றார்.

"பாக்காது."

"சரித்தான். நீ ஒன் சோலியப் பாரு."

வேலையைத் தொடங்குமுன் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவது என் வழக்கம். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வரச்சொன்னேன். பெரிய பாய் வாசலுக்கு உள்ளே நின்றார். சின்ன பாய் வாசலுக்கு வெளியே ஏணியைப் பிடித்தபடி நின்றார். கால்கூட வாசப்படி மேல் படாமல் அவ்வளவு ஜாக்கிரதை. நடுவில் நான்.

"இப்ப ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல எல்லாத்தையும் அடைக்கப்போறேன். அவங்க பக்கத்துல இருந்து உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா? பிரிண்டர், கேமரா, எதுவா இருந்தாலும் இப்பச் சொல்லுங்க. அப்புறம் குய்யோ முறையோன்னு கத்தக்கூடாது."

சின்ன பாய் வாயைத் திறந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

"மேல இருந்து எனக்கு மட்டும் என்ன வேணுங்குது? ஒண்ணும் வேண்டாம்" என்றார் பெரிய பாய்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எத்தன தடவ கேப்பீங்க அக்கா?" என்று சின்ன பாய் ஏணியில் ஏறிப் போய்விட்டார். ஏணி ஆடி நிற்க நேரமாயிற்று.

சரி, இவர்கள் பாடு. உட்கார்ந்து பெட்டியில் மூன்று சப்-இன்டர்ஃபேஸையும் எழுதினேன். முதலில் போட்டிருந்த அட்ரஸ் மட்டும் இன்னும் வயர் செருகுகிற நிஜப் போர்ட் மேலேயே இருந்தது. அதை எடுத்துவிட்டு முதல் மாடி நம்பருக்கு மாற்றவேண்டும். அதற்குள் ஸ்விட்ச்சைச் சரிசெய்யக் கீழே இறங்கினேன். பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையும் பசை வாடை தூக்கும். பரணுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மறுபடி மேலே ஏறச் சோம்பல்பட்டு, அந்த வயர் வழியாகவே மேலே இருக்கிற பெட்டிக்குள் போய் அட்ரஸை மாற்றினேன். எண்டர் தட்டியதும் ஸ்க்ரீன் அப்படியே உறைந்தது. எந்த அட்ரஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேனோ அதையே பிடுங்கிவிட்டேன். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஆனாலும் செய்யும்போது தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏணியில் ஓடி ஏறி, உம்மா அறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தேன்.

"என்னட்டி, பேய் கீய் வெரட்டுதா?"

"நானே என்னை வெளிய தள்ளிக் கதவச் சாத்திக்கிட்டேன் உம்மா."

உம்மா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த பூண்டுத் தோல் எல்லாம் பறந்தது. "இந்த வீட்டுக்கு வந்து ஒனக்கும் ஒட்டிக்கிட்டு" என்றார்.

பெட்டியின் முதுகில் இருந்த இன்னொரு ஓட்டையில் லேப்டாப் வயரை நேரடியாகச் செருகிச் சரிசெய்தேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் ஓடின. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட முடியாது என்று காட்டினேன். அண்ணன் கம்ப்யூட்டரில் தம்பியின் பெயர் வரவில்லை. தம்பி கம்ப்யூட்டரில் அண்ணனின் பிரிண்டர் வரவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக, "அச்சா காம், நல்ல வேலை" என்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம் என்று சொல்கிறமாதிரி ஒன்றும் இல்லை. பெரிய பாயின் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வார நடுவில், வேலை மும்முரத்தில் இருக்கும்போது பெரிய பாயின் போன்.

"தங்கச்சி, நீ வந்துட்டுப் போனதுல இருந்து உம்மா சரியாச் சாப்பிட மாட்டேங்கா. என்னன்னு கேட்டா, கேமரா கெட்டுப்போச்சுங்கா. என் போன்ல படம் நல்லாத்தான் தெரியுது. நீ அதுல ஏதும் கைய வச்சியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பாய், நான் கேமராவத் தொடவே இல்ல. படம் தெரியுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன கெட்டுப்போச்சு?"

"அதத்தான் சொல்ல மாட்டேங்கா. ஒன்னத்தான் வரச்சொல்லுதா."

கோபம் எல்லாம் அந்தக் கடைசி வார்த்தையில் கரைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, உம்மாவுக்குப் பிடித்த நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் பெரிது. அந்த உம்மா சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"கேமராவுக்கு என்ன உம்மா?"

"செத்துப்போச்சு."

என் லேப்டாப்பில் கேமராவைத் திறந்தேன். கட்டில், உம்மா, தலையணை, சிப்ஸ் எல்லாம் தெளிவாக வந்தது. யாராவது பார்க்கும்போது கேமராவின் ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரியும். இப்போதும் எரிந்தது.

"இந்தா பாருங்க, நல்லாத்தான இருக்கு. வெளக்கும் எரியுது."

"இப்ப நீ பாக்க, எரியுது" என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அது எரியிற நேரத்துல எரியல."

"எந்த நேரத்துல?"

அடுப்படியில் மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுத்தார். கேட்டது. அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"காலையில பஜ்ரு தொழுது முடிஞ்சதும் எரியும். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல எரியும். மொதல்ல நான் பெரியவன்னுதான் நெனச்சேன். ஒருநா பெரியவன் இங்கன என் எதுக்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், போனு சட்டப்பையில கெடக்கு, வெளக்கு பொசுக்குன்னு எரியிது. மருமவ போனு அடுப்படியில சார்ஜுல கெடக்கு. அப்ப யாரு பாக்கா?"

நான் மேலே, கூரையைப் பார்த்தேன்.

"ஆங்" என்றார் உம்மா. "அவந்தான்."

அதன்பிறகு ஒரேயடியாகச் சொல்லிமுடித்தார். விளக்கு எரிந்தால் அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அதைப் பார்த்துப் பேசுவாராம். இன்றைக்கு வலி குறைவு, மத்தியானம் சாளை மீன் வாங்கினார்கள், ஹோட்டல் சோற்றைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, இப்படி. கேமராவில் குரலும் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் பேசி முடிக்கிறவரை விளக்கு அணையாது. அது போதுமாம்.

"நீங்க போன் போட்டு, வாலேன்னு கூப்பிட்டா வந்திர மாட்டாரா?"

"வருவான். கூப்பிட்டா ஓடியாந்திருவான். அது நான் கூப்பிட்டதுக்கு வந்ததாயிரும். அவனா வரணும் புள்ள. அவனா வந்தாத்தான் இவங்கூட உக்காருவான்." கேமரா பக்கம் கையைக் காட்டினார். "அதுவரைக்கும் எனக்கு அந்த வெளக்குதான். அதையும் நீ பிடுங்கிட்ட."

 எனக்குக் கோபம்தான் வந்தது. ஒண்ணும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் என்று வாசலில் வீறாப்பாக நின்ற இரண்டு ஆம்பளைகள் மேல் வந்த கோபம் அது. கேமரா முதல் மாடி நம்பரில் இருக்கிறது. சின்ன பாயின் போன் இரண்டாவது மாடி நம்பரில் இருக்கிறது. நடுவில் என் சட்டம், எதையும் விடாதே என்று. அந்தப் பெட்டி சொன்னதைத்தான் செய்கிறது. அதற்கு உம்மாவைத் தெரியுமா, மகனைத் தெரியுமா?

"பெரியவனுக்குத் தெரியாம நீயே தொறந்து விட்டுரேன்" என்றார் உம்மா.

"அது மட்டும் முடியாது உம்மா. வீட்டுக்காரர் சொல்லாம ஒரு ரூலக்கூடத் தொறக்க மாட்டேன். உங்க படத்த உங்க மகன் பாக்கிறதா இருந்தாலும் சரி."

"அப்ப அவங்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன்."

உம்மா தடுக்கவில்லை. கீழே இறங்கினேன். பெரிய பாய் பட்டறையில் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதமாகச் சொல்ல வேண்டும் என்று ஏணியில் இறங்கும்போது நினைத்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"பாய், உங்க கேமரா நல்லா இருக்கு. உங்க ரெண்டு பேரு மண்டைதான் ரிப்பேரு. அவர் தினமும் மேல இருந்து உம்மாவப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. ஒண்ணும் வேண்டாம்னு சொன்னீங்களே, அதுல அதுவும் போச்சு."

ஜிப் பாதியில் நின்றது.

"அவனா? தெனமுமா?"

"காலையிலயும் ராத்திரியும்."

"நான் பாஸ்வேர்டக்கூட மாத்தலியே" என்றார். "சண்டைக்கு முன்னால கொடுத்தது. அவன் மறந்திருப்பான்னு நெனச்சேன்." பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். என்னைப் பார்க்காமலே, "தொறந்து விட்டுரு தங்கச்சி" என்றார். நான் திரும்பியதும், "ஏய், நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லிராத" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஏணி ஏறினேன். முதல் மாடியைத் தாண்டி இரண்டாவது மாடிக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. சின்ன பாய் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹோட்டல் பார்சல் பாதி தின்றபடி. கையில் போன். போனில் கேமரா ஆப். கறுப்புத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"மறைக்க வேண்டாம். எத்தன நாளாச் சுத்துது அது?"

 அவர் கண் கலங்கியது. "காக்கா பாஸ்வேர்ட மாத்திட்டாங்க அக்கா" என்றார். அண்ணனை அவர்கள் வீட்டில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "எம்மேல என்ன கோவம்னாலும் இருக்கட்டும். உம்மாவப் பாக்கிறதையும் அடைப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

"பாஸ்வேர்டும் மாத்தல, ஒண்ணும் மாத்தல. நான் வாசல்ல நின்னு கேமரான்னு பேரச் சொல்லியே கேட்டேன். ஒண்ணும் வேண்டாம்னு யாரு சொன்னது? உங்க காக்காவா சொன்னாரு?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "காக்கா முன்னால எப்படி அக்கா கேக்கிறது" என்றார்.

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எவளால் திட்ட முடியும்? அண்ணனையே எதிர்த்துத் தனியாகத் தொழில் பண்ணுவேன் என்று கிளம்பிய ஆள், உம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பழைய பார்சலோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஆப்பத் தொறந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

உம்மா அறையில் உட்கார்ந்து ரூல் எழுதினேன். இரண்டாவது மாடி நம்பரிலிருந்து, அந்த ஒரு போன் மட்டும், முதல் மாடியில் இருக்கிற அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் போகலாம். வேறு எதற்கும் வழி இல்லை. அவருடைய டிசைனும் அண்ணனுடைய ஆர்டரும் அவரவர் அறைக்குள்ளேயே இருக்கும். அடைக்கிற சட்டத்துக்கு மேலே இதை ஏற்றி வைத்தேன், இல்லாவிட்டால் பெட்டி இதைப் படிக்கவே படிக்காது. ரூலுக்கு ஒரு பெயர் கேட்டது. ஆபீஸில் என்றால் நம்பரும் தேதியுமாக நீளமாக ஒன்று போடுவேன். இங்கே 'உம்மா' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டி சேவ் செய்தேன்.

"ஆச்சா?" என்றார் உம்மா.

"ஆச்சு. அவர் தொறந்தா எரியும்."

உம்மா தலையணையைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நீல விளக்கு எரிந்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். எடுத்த எடுப்பில் ஏசினார். "எங்கல போயிருந்த இத்தன நாளா? ஹோட்டல்ல என்னத்தத் திங்க? மூஞ்சியப் பாக்காமலே சொல்லுதேன், இளைச்சிருப்ப." விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. உம்மா கை நீட்டிச் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார். எனக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் பெரிய பாய் மேலே வந்தார். வாசலில் நின்றார். அங்கே நின்றால் கேமராவில் விழ மாட்டார், அது அவருக்கே தெரியும். அவர்தானே மாட்டியவர். விளக்கைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். திரும்பி அடுப்படிக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு தட்டில் டீ க்ளாஸ்களை வைத்துக்கொண்டு வந்தார். நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். உம்மாவுக்கு ஒன்று கொடுத்தார், எனக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இன்னொரு க்ளாஸ் மிச்சம் இருந்தது. அதை எடுத்து, கேமராவுக்கு நேர் கீழே இருந்த ஸ்டூலில் வைத்தார். கேமராவை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்.  தன் டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

விளக்கு அணைந்தது.

உம்மாவின் கை சிப்ஸோடு அந்தரத்தில் நின்றது. "அணஞ்சுபோச்சே புள்ள" என்றார்.  "திரும்பவும் கெட்டுப்போச்சா?"

"கெடல உம்மா. செத்த இருங்க."

வெளியே இரும்பு ஏணி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. மழைக்காலத்திலிருந்து தினமும் இந்த வாசலைத் தாண்டிக் கீழே இறங்கிப்போகிற அதே காலடிச் சத்தம். இந்தத் தடவை அது முதல் மாடி வாசலில் வந்து நின்றது.